அட்வைஸ்: ‘சி’ போடுவதா, ‘எஸ்’ போடுவதா?

அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை எது என்று கேட்டால், ‘கைண்ட்லி அட்வைஸ்’ என்பதைத்தான் முதலில் சொல்வேன். வாயால் சொல்லும்போது அதில் ஒரு தப்பும் தெரியாது. எழுத்தில் பார்த்தால்தான் தெரியும், எஸ் வரவேண்டிய இடத்தில் சி உட்கார்ந்திருக்கும். பிழை திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் சி போட்டாலும் எஸ் போட்டாலும் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். அதனால் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள்கூட இதைத் தெரியாமலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பலர் இதை வெறும் ஸ்பெல்லிங் பிரச்சினை என்று நினைத்து மனப்பாடம் செய்து, ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். ஒலி பிடிபட்டால் ஸ்பெல்லிங் தானாக வரும். ஒலி ஏன் பிடிபடுவதில்லை என்பதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் அடிப்படை

1. ஆங்கிலத்தில் இது ஒரு சொல் கிடையாது, இரண்டு. ஒன்று பெயர்ச்சொல்: அறிவுரை, ஆலோசனை என்ற பொருள். இதற்கு சி. இன்னொன்று வினைச்சொல்: அறிவுரை சொல்வது, ஆலோசனை தருவது. இதற்கு எஸ்.

2. உச்சரிப்பும் வேறு. பெயர்ச்சொல்லின் முடிவில் வருவது ‘பஸ்’ என்பதில் வரும் ஸ். வினையின் முடிவில் வருவது ‘ஜூ’, ‘ஜீரோ’ என்று நாம் எழுதும் சொற்களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒலிக்கும் இசட் ஒலி.

3. இசட் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. ஸ போடுகிறோம், ஜ போடுகிறோம், சிலர் ஆய்தம் சேர்த்து ஃஸ என்றும் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் அந்த மூன்றாவது வழியை எடுத்துக்கொள்கிறேன். பெயர்ச்சொல் வரும் இடத்தில் ‘அட்வைஸ்’, வினை வரும் இடத்தில் ‘அட்வைஃஸ்’. ஸ எழுத்துக்கு முன்னால் ஆய்தத்தைக் கண்டால் இசட் என்று படியுங்கள்.

‘பண்ணு’ பார்த்துக்கொண்ட வேலை

“சும்மா அட்வைஸ் பண்ணாதே” என்று சொல்கிறோம். இதில் அட்வைஸ் பெயரா, வினையா? தமிழைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் வினையின் வேலை முழுவதையும் ‘பண்ணு’ எடுத்துக்கொள்கிறது. காலம், இடம், எதிர்மறை எல்லாம் அதன்மேல்தான் ஏறுகின்றன. பண்ணினேன், பண்ணுகிறார், பண்ணமாட்டார்கள். முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல் அசையாமல் அப்படியே நிற்கும்.

அந்த இடத்தில் ஆங்கில வினையைக் கொண்டுவந்து வைத்தாலும் இதே கதைதான். டிஸ்கஸ் என்பது ஆங்கிலத்தில் வினை மட்டுமே, பெயர் வேண்டுமென்றால் டிஸ்கஷன். தமிழில் ‘டிஸ்கஸ் பண்ணினோம்’ என்றும் சொல்கிறோம், ‘டிஸ்கஷன் பண்ணினோம்’ என்றும் சொல்கிறோம், இரண்டும் நம் காதுக்கு ஒன்றுதான். ஆக, ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வரும்போது அதன் பெயர்–வினை அடையாளம் வாசலிலேயே கழன்றுவிடுகிறது. பிறகு அதே சொல்லை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதப் போகிறோம். அங்கே ‘பண்ணு’ துணைக்கு இல்லை. வினை என்றால் சொல்லே வினையாக நின்றாக வேண்டும். கழற்றி வைத்த அடையாளத்தை அப்போது தேடுகிறோம்.

காதுக்குப் பிடிபடாத வித்தியாசம்

இரண்டு விரல்களைத் தொண்டையில், குரல்வளை மேல் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டுங்கள். விரலில் ஒன்றும் தெரியாது, காற்று மட்டும் பல்லிடுக்கில் போகும். இப்போது நாக்கை அசைக்காமல், அதே இடத்தில் வைத்துக்கொண்டு, தேனீ ரீங்காரமிடுவதுபோல ஒலியுங்கள். விரலுக்கடியில் அதிர்வு தெரியும். நாக்கு அதே இடம், காற்று அதே வழி, தொண்டை அதிர்வது மட்டும்தான் கூடுதல். ஸ்ஸுக்கும் இசட்டுக்கும் உள்ள வேறுபாடு மொத்தமும் அவ்வளவே.

வித்தியாசம் இவ்வளவு சின்னது என்பதாலும், அதைக் காட்ட நமக்கு எழுத்து இல்லை என்பதாலும், இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கடையில் மாட்டியிருப்பதும் பிரைஸ் லிஸ்ட், பள்ளி ஆண்டு விழாவில் கொடுப்பதும் பிரைஸ். ஆங்கிலத்தில் முன்னது பிரைஸ், பின்னது பிரைஃஸ். சாப்பிடும் சோறு ரைஸ், சன் பின்னால் வருவது ரைஃஸ். நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லி, சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம், அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் வந்ததில்லை.

இசட் சரியாக வராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, உண்மையில் இதுதான் நடைமுறையில் அதிகம் உதவும். ஆங்கிலத்தில், அதிரும் ஒலிக்கு முன்னால் வரும் உயிரெழுத்து நீளும். அதிராத ஒலிக்கு முன்னால் வருவது குறுகும். அதாவது பெயர்ச்சொல்லில் ‘வை’யைச் சட்டென்று வெட்டி முடிக்க வேண்டும், வினையில் ‘வை’யைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் வேகமாகப் பேசும்போது கடைசி இசட்டே பாதி தேய்ந்துபோகும், அந்த நீளத்தை வைத்துத்தான் கேட்பவர் பிரித்தறிகிறார். இசட் முழுதாக வராவிட்டாலும் பரவாயில்லை, ‘வை’யை இழுங்கள்.

இன்னும் எங்கெல்லாம் இது நடக்கிறது

அட்வைஸ் தனி ஆள் கிடையாது, பெரிய கூட்டத்தில் ஒன்று. பெயர் என்றால் அதிராத ஒலி, வினை என்றால் அதிரும் ஒலி என்று ஆங்கிலத்தில் ஒரு வரிசையே இருக்கிறது.

யூஸ் என்ற சொல்லுக்கு ஸ்பெல்லிங் ஒன்றுதான். “நோ யூஸ்” என்றால் பெயர், அதற்கு ஸ். “யூஃஸ் அண்ட் த்ரோ” என்றால் வினை, அதற்கு இசட். “எக்ஸ்கியூஃஸ் மீ” வினை, “வாட்ஸ் யுவர் எக்ஸ்கியூஸ்” பெயர். ஹவுஸ் என்றால் வீடு, அதே எழுத்துகளை ஹவுஃஸ் என்று ஒலித்தால் ஒருவருக்கு இடம் கொடுத்துத் தங்கவைப்பது. டிவைஸ் என்றால் கருவி, டிவைஃஸ் என்றால் ஒரு வழியை யோசித்து உருவாக்குவது, இதற்கு ஸ்பெல்லிங்கும் அட்வைஸ் போலவே சி, எஸ் என்று மாறும். வேறு எழுத்துகளிலும் இதே ஆட்டம்தான்: புரூஃப் பெயர், புரூவ் வினை, பிலீஃப் பெயர், பிலீவ் வினை, பிரெத் பெயர், பிரீத் வினை. கடைசி ஜோடியின் முடிவில் உள்ள தகர ஒலிகூட முதலாவதில் அதிராது, இரண்டாவதில் அதிரும்.

ஏன் வினை மட்டும் அதிர்கிறது? பழைய ஆங்கிலத்தில் வீடு என்பதற்கு ஹூஸ், வீட்டில் தங்கவைப்பதற்கு ஹூசியன். வினைக்குப் பின்னால் ஒரு விகுதி இருந்தது. அந்த விகுதி வந்ததால் ஸ் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. உயிரொலி சொல்லத் தொண்டை அதிர்ந்தாக வேண்டும், முன்னாலும் அதிர்வு, பின்னாலும் அதிர்வு, நடுவில் ஒரு கணம் மட்டும் அதிர்வை நிறுத்துவது நாக்குக்கும் தொண்டைக்கும் வீண் வேலை. அதனால் நடுவில் இருந்ததும் சேர்ந்து அதிரத் தொடங்கியது. பின்னால் நூற்றாண்டுகள் போகப்போக விகுதி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. பிரெஞ்சு வழியாக வந்த அட்வைஸ், யூஸ் போன்ற சொற்களும் இதே அச்சில் வந்து அமைந்தன.

இது தமிழருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. ‘தலை’ என்பதில் த அதிராது, ‘பாதை’ என்பதில் உள்ள தை அதிரும், ஏனென்றால் அது இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே இருக்கிறது. ‘கல்’லில் ஒரு க, ‘நகம்’ என்பதில் வேறு க. நாம் யோசிக்காமலே செய்கிறோம், அதனால் நம் எழுத்துக்கு இரண்டு வடிவம் தேவைப்படவில்லை.

அதைவிட இன்னொன்று. தமிழின் வினையையும் அதன் தொழிற்பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

பாடு – பாட்டு
எழுது – எழுத்து
ஆடு – ஆட்டம்
பேசு – பேச்சு

வினை மெல்ல ஒலிக்கிறது, பெயர் வலித்து ஒலிக்கிறது. எழுது என்பதில் து அதிர்கிறது, எழுத்து என்பதில் அதிர்வே இல்லை. இரு மொழிகளிலும் இதற்கான காரணம் வேறு, உறவும் எதுவும் இல்லை, ஆனால் விளைவு அப்படியே பொருந்துகிறது. எனவே சந்தேகம் வந்தால் பேசு–பேச்சு என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘பேச்சு’ போல வெட்டி நிற்பது அட்வைஸ், ‘பேசு’ போல மெல்லப் போவது அட்வைஃஸ். தமிழ் வழியில் ஆங்கிலம் கற்பிக்கும் பாடநூல்களில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துக்கூட்டல்

இனி ஸ்பெல்லிங். எளிய குறிப்பு ஒன்று பழங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது, நன்றாகவே வேலை செய்கிறது. ஐஸ் என்பது ஒரு பொருள், கையில் எடுக்கலாம், ஆகவே பெயர்ச்சொல். ‘ஐஸ்’ என்ற மூன்று எழுத்தும் சொல்லின் வாலில் அப்படியே இருந்தால் அது பெயர். ‘இஸ்’ என்பது ஆங்கிலத்தில் வினை. அந்த இரண்டு எழுத்தும் உள்ளே தெரிந்தால் அது வினை.

இதைவிட உறுதியான விதி ஒன்று உண்டு. இந்தச் சொல்லின் குடும்பத்தில் சி வருவது பெயர்ச்சொல் ஒன்றுக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் எஸ். அட்வைஃஸ்ட், அட்வைஃஸிங், அட்வைஃஸர், அட்வைஃஸரி, அட்வைஃஸபிள் எதிலும் சி கிடையாது. சி போட்டு இறந்தகாலம் எழுதினால், அதாவது ‘அட்வைஸ்ட்’ என்று ஒலிக்கும்படி எழுதினால், அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. ஆலோசகர் என்ற பொருளில் வரும் சொல்லின் வாலை இஆர் என்றும் எழுதலாம், ஓஆர் என்றும் எழுதலாம், இரண்டும் சரி, இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், லத்தீனில் ‘பார்ப்பது’ என்ற வேர். விஷன், வீடியோ, விசா எல்லாம் அதே வேர்தான். ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்ற வழக்கிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘அவிஸ்’ என்று ஒரு சொல் உருவாகி, கருத்து என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது நடுவில் ட் கிடையாது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் சொற்களைப் பார்த்து அதைச் சேர்த்தார்கள். பெயருக்கு சி, வினைக்கு எஸ் என்ற பிரிவு அதற்கும் பிறகு நிலைபெற்றது.

பிராக்டிஸ், லைசன்ஸ் இரண்டும் இதே பிரிவைத்தான் பின்பற்றுகின்றன, பிரிட்டிஷ் வழக்கில். பெயருக்கு சி, வினைக்கு எஸ். ஆனால் அவற்றில் உச்சரிப்பு மாறாது, எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. ஓட்டுநர் உரிமத்தில் வருவது பெயர், அதனால் இந்தியாவில் சி. அமெரிக்கர்கள் பிராக்டிஸுக்கு எங்கும் சி, லைசன்ஸுக்கு எங்கும் எஸ் என்று முடித்துவிட்டார்கள். அவர்களாலும் அட்வைஸில் கைவைக்க முடியவில்லை, ஏனென்றால் இதில் ஒலியே வேறு.

தமிழிலும் இதே பொறி உண்டு, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பெயர் ‘அறிவுரை’. அறிவு, உரை என்று பிரியும், ஆகவே இடையின ர. வினை ‘அறிவுறுத்து’. அறிவு உறச் செய்வது, ஆகவே வல்லின ற. பேச்சில் ர, ற இரண்டையும் பெரும்பாலோர் ஒரே மாதிரி ஒலிப்பதால் ‘அறிவுறை’ என்றும் ‘அறிவுருத்தினார்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு சி–எஸ் தகராறு, அதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லுக்கு ர–ற தகராறு.

பெயர்ச்சொல்லை எண்ண முடியாது

ஒலியும் எழுத்தும் சரியானாலும் அடுத்த தவறு இங்கே காத்திருக்கிறது. தமிழில் அறிவுரைகள், ஆலோசனைகள் என்று தயங்காமல் பன்மையில் சொல்கிறோம். ‘ஒரு அட்வைஸ் சொல்லட்டுமா’ என்கிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ் எண்ண முடியாத பெயர், தண்ணீர், மணல் மாதிரி. இதிலிருந்து வருபவை:

1. முன்னால், ‘ஒரு’ என்ற பொருளில் வரும் ‘ஆன்’ போடக் கூடாது. ‘ஆன் அட்வைஸ்’ தவறு.

2. பின்னால் பன்மை எஸ் சேர்க்கக் கூடாது.

3. ‘மெனி’ வராது, ‘மச்’ வரும். ‘சம்’, ‘எ லாட் ஆஃப்’ இரண்டும் தாராளமாக வரும்.

4. ஒன்று, இரண்டு என்று எண்ணியே தீரவேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று அளவை முன்னால் வைக்க வேண்டும், ஒரு குடம் தண்ணீர் என்பதுபோல. அல்லது சொல்லையே மாற்றிவிடலாம். சஜெஷன், டிப் இரண்டும் எண்ணக்கூடியவை.

இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஃபீட்பேக், ஹோம்வொர்க் எல்லாம் இதே இனம்தான். எல்லாவற்றுக்கும் தமிழில் ‘கள்’ சேர்க்க முடிவதால் ஆங்கிலத்திலும் எஸ் ஒட்டிக்கொள்கிறது.

வினை வந்தால் ‘டு’ எங்கே போகும்

தமிழில் அறிவுரையை ‘எனக்கு’ச் சொல்கிறார்கள், நான்காம் வேற்றுமை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘ஹீ அட்வைஃஸ்ட் டு மீ’ என்று எழுதுகிறோம். ஆங்கில வினைக்கு அந்த ‘டு’ வேண்டாம். ‘ஹீ அட்வைஃஸ்ட் மீ’ என்று ஆள் நேராக வினையை ஒட்டி வர வேண்டும். அதற்குப் பிறகு, செய்யச் சொன்ன வேலைக்கு முன்னால்தான் ‘டு’: ‘ஹீ அட்வைஃஸ்ட் மீ டு வெயிட்’, காத்திருக்கச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னால் ‘அகெய்ன்ஸ்ட்’, அதற்குப் பின் வினையோடு ‘இங்’ சேரும். ஆளே இல்லாமல் பொதுவாகச் சொன்னாலும் ‘இங்’தான்: ‘ஐ அட்வைஃஸ் வெயிட்டிங்’.

பெயராக எழுதினால் மட்டும் ஆளுக்கு முன்னால் ‘டு’ வரலாம், ‘கேவ் அட்வைஸ் டு மீ’. இங்கே தருவது என்ற வினை வேறாக இருக்கிறது, நம் ‘பண்ணு’ மாதிரி. பெயரோடு வரும் ‘டு’வை வினைக்கும் ஒட்டவைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் குழப்பம்.

அறிவுரையே இல்லாத அட்வைஸ்

இனி விளைவுகள். அந்த மின்னஞ்சலுக்கே திரும்புவோம். ‘ப்ளீஸ் அட்வைஃஸ்’ என்று வாடிக்கையாளர் ஒருவர் எழுதினால் அவர் உங்களிடம் வாழ்க்கைக்கு வழி கேட்கவில்லை. ‘தெரிவிக்கவும்’, அவ்வளவுதான். இந்த வினைக்குத் தெரிவிப்பது, தகவல் சொல்வது என்ற பொருளும் வெகுகாலமாக உண்டு, வணிகக் கடிதங்களில் அதுதான் அதிகம். நம் ‘அறிவுறுத்து’ என்ற சொல்லுக்கும் தெரியச் செய்வது என்பதுதான் நேர்ப்பொருள்.

பொருள் எது என்பதைப் பின்னால் வரும் சின்னச் சொல் காட்டிக்கொடுக்கும். ‘அட்வைஃஸ் மீ ஆஃப் தி டேட்’ என்றால் தேதியைத் தெரிவி. ‘அட்வைஃஸ் மீ ஆன் தி டேட்’ என்றால் எந்தத் தேதி நல்லது என்று ஆலோசனை சொல். முன்னதற்கு ஒரு வரியில் பதில் போதும். பின்னதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வங்கியில் இதன் எடை கூடுகிறது. பணம் வரவு வைத்தால் வரும் அறிவிப்புக்கு கிரெடிட் அட்வைஸ், கழித்தால் டெபிட் அட்வைஸ், பணம் அனுப்பியவர் தரும் விவரச் சீட்டு பேமென்ட் அட்வைஸ். இவையெல்லாம் பெயர், ஆகவே சி. இங்கே அது ஒரு தாள், ஒரு ஆவணம், அதனால் எண்ணவும் செய்யலாம். பன்மை எஸ் சேர்ந்து வருவதை வங்கிக் கடிதங்களில் பார்த்தால் பிழை என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன விதிக்கு இது ஒன்று விலக்கு.

திருப்பூர் மாதிரி ஏற்றுமதி ஊர்களில் எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் சரக்கு வாங்குபவரின் வங்கி, ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் உறுதி அது. அந்தக் கடிதம் ஏற்றுமதியாளருக்கு நேராக வராமல் பெரும்பாலும் உள்ளூரில் உள்ள இன்னொரு வங்கி வழியாக வரும். அதற்குப் பெயர் அட்வைஃஸிங் பேங்க். ஆலோசனை சொல்லும் வங்கி என்று இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து. அது செய்வது, வந்த எல்.சி. மேல்பார்வைக்கு உண்மையானதாகத் தெரிகிறதா என்று சரிபார்த்து, ‘உங்களுக்கு இப்படி ஒன்று வந்திருக்கிறது’ என்று தெரிவிப்பது. சர்வதேச வணிகச் சபையின் யூ.சி.பி. 600 விதிகள், 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளவை, இதைத் தெளிவாகவே சொல்கின்றன: அந்த வங்கி தனியாக உறுதி சேர்த்திருந்தால் தவிர, தெரிவித்ததால் மட்டும் பணம் தரும் பொறுப்பு அதற்கு வராது. உறுதி சேர்க்கும் வங்கிக்கு வேறு பெயர், கன்ஃபர்மிங் பேங்க். நம்ம ஊர் வங்கி அட்வைஃஸ் பண்ணிவிட்டதே, பணம் நிச்சயம் என்று சரக்கை ஏற்றுபவர் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்திருக்கிறார்.

மருத்துவமனையில் திரும்பவும் பொருள் மாறும். மருந்துச் சீட்டில் மருத்துவர் ‘அட்வ்’ என்று சுருக்கி எழுதி, கீழே மாத்திரைகளை வரிசையாகப் போடுவார். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போனால் ‘அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இதில் வருவது பெயர், சி. கேட்பதும் கேட்காததும் நோயாளியின் உரிமை, ஆனால் கேட்காததால் வரும் விளைவு தெரிந்தே போகிறேன் என்று அந்தத் தாளில் ஒப்புக்கொள்கிறார்.

கேட்டே ஆகவேண்டிய அறிவுரை

அரசியல் சட்டத்தில் இதே சொல் எதிர்த்திசையில் போகிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர் பற்றிய செய்திகளில் ‘எய்ட் அண்ட் அட்வைஸ்’ என்று திரும்பத் திரும்ப வரும். அறிவுரைதானே, பிடித்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்றுதான் அன்றாடப் பொருளில் நமக்குத் தோன்றும். அந்தப் பொருளில் படித்தால் செய்தியே தலைகீழாகிவிடும்.

1. பிரிவு 74, குடியரசுத் தலைவருக்கு உதவி செய்யவும் அறிவுரை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது. அவர் அந்த அறிவுரைப்படியே செயல்பட வேண்டும் என்பதை 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது.

2. 1978-இன் 44-ஆவது திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனை செய்யும்படி அவர் திருப்பி அனுப்பலாம் என்றது. மறுபரிசீலனைக்குப் பிறகு வரும் அறிவுரையை ஏற்றே ஆக வேண்டும்.

3. பிரிவு 163, ஆளுநருக்கும் உதவி செய்யவும் அறிவுரை சொல்லவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது, அரசியல் சட்டம் அவருடைய விருப்புரிமைக்கு விட்டவற்றைத் தவிர. தமிழ்நாட்டு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஏழு பேரை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் பிறகு அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்த உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்பில் மாநில அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அங்கே ‘அட்வைஸ்’ என்ற சொல்லின் எடைதான் ஒரு மனிதரின் விடுதலையாக இருந்தது.

செய்திகளில் இதை எழுதும்போதும் சி–எஸ் தடுமாற்றம் வருகிறது. சரியான வழி இது. ‘டு’ முன்னால் வந்தால் வினை, ‘டு எய்ட் அண்ட் அட்வைஃஸ்’, எஸ் போடுங்கள். ‘ஆன் தி’ முன்னால் வந்தால் பெயர், ‘ஆன் தி எய்ட் அண்ட் அட்வைஸ்’, சி போடுங்கள். எய்ட் பெயராகவும் வினையாகவும் ஒரே ஸ்பெல்லிங்கில் நிற்பதால் பக்கத்தில் உள்ளதும் அப்படியே என்று கை பழகிவிடுகிறது. 74-ஆம் பிரிவின் ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள், முதல் உட்பிரிவின் ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கின்றன. அமைச்சரவை என்ன செய்யும் என்று சொல்லும் இடத்தில் எஸ். எதன்படி குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று முடிக்கும் இடத்தில் சி.